பெரியவர்கள் அலமாரியில் இருக்கும் பிள்ளைகளின் நாவல்கள்

(ஆரணியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சனிக்கிழமை மாலை டியூஷனை விட்டுவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிற ஒன்பதாம், பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு நன்றி. இன்றைய பேச்சு உங்களைப் பற்றியது.

ஆரணிக்குப் போகிறேன் என்று சொன்னால் சென்னையில் எல்லோரும் பட்டுச்சேலையைப் பற்றிக் கேட்கிறார்கள். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நம்முடையது ஆற்று ஆரணி. பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக இங்கே வந்து, பொன்னேரியைக் கடந்து பழவேற்காட்டில் கலக்கிற ஆற்றின் பெயரைத் தாங்கி நிற்கிற ஊர். இந்த ஆற்றின் இரு கரையிலும் கிளை நூலகங்களில் முப்பது ஆண்டுக்குக் குறையாமல் வேலை பார்த்தவள் நான். அந்த அனுபவத்திலிருந்துதான் பேசப்போகிறேன்.

நூலக மேசைக்கு வருகிற பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான். “பையன் பத்தாவது போறான் மேடம், நல்ல புக்கா ஒண்ணு குடுங்க.” நல்ல புத்தகம் என்றால் அவர்கள் மனதில் இருப்பது பொது அறிவு, வாழ்க்கை வரலாறு, அல்லது தன்னம்பிக்கை. அவற்றில் ஒரு குறையும் இல்லை. நான் நாவல் ஒன்றை எடுத்து நீட்டினால் மட்டும் முகம் மாறிவிடும். “கதை புக்கா? அதெல்லாம் படிச்சு முடிக்கட்டும் மேடம், அப்புறம் பாத்துக்கலாம்.” படித்து முடித்தபின் என்றால் எப்போது? பிளஸ் டூவுக்குப் பிறகு கல்லூரி, பிறகு போட்டித் தேர்வு, பிறகு கம்பெனி ஷிஃப்ட். நாவல் படிக்கிற அந்த ‘அப்புறம்’ வராமலே போனவர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர்.

பெற்றோரை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் நகர முடியாது. பல ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, கம்பெனி யூனிஃபார்ம் போட்ட அப்பாவோடு ஒரு பையன் வந்தான். எட்டாவதோ ஒன்பதாவதோ இருக்கும். அப்பா செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பையன் நாவல் வரிசைக்குப் போய், பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யை எடுத்து, நின்றபடியே படிக்க ஆரம்பித்தான். பண்ணையத்தில் ஆடு மேய்க்கிற ஒரு சிறுவனின் கதை அது. இந்தப் பையனின் பாட்டி வீட்டிலும் ஆடுகள் இருந்தன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாலைந்து பக்கம் படித்தபின் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இது பெரியவங்க படிக்கிறதுப்பா. அந்தப் பக்கம் சின்னப் பசங்க புக்கு இருக்கு, அதுல எடு.” அந்தப் பக்கத்தில் தெனாலிராமன், பஞ்சதந்திரம், நீதிக்கதைகள். பையன் என் தோளைத் தாண்டி வளர்ந்திருந்தான், மீசை அரும்பியிருந்தது. அந்த வரிசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வெறுங்கையோடு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அதற்குப் பிறகு அவன் நூலகத்துக்கு வரவேயில்லை.

அன்று நான் செய்தது தவறு என்பதை உணர எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. தமிழில் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாவலே இல்லை என்று நாம் மேடைதோறும் வருத்தப்படுகிறோம். இருக்கிறது. அந்த வயதுக்காரர்களையே நடுவில் வைத்து எழுதிய மிக நல்ல நாவல்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றைப் பெரியவர்கள் அலமாரியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் நெருங்காதபடி நாம்தான் நடுவில் நிற்கிறோம். நான் இன்று சொல்ல வந்த செய்தி இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான சாட்சிகள்.

முதல் சாட்சி பூமணியின் ‘வெக்கை’. 1982இல் வந்த நாவல். சிதம்பரம் என்கிற பதினைந்து வயதுப் பையன், அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிவிட்டு ஓடிவருகிறான். அவனும் அப்பாவும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிற எட்டு நாள்தான் கதை. 2019இல் வெற்றிமாறன் இதைத்தான் ‘அசுரன்’ ஆக எடுத்தார். இங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவாகத்தான் இருப்பீர்கள். படம் அப்பாவின் கதை. தனுஷின் கதை. புத்தகம் அப்படியில்லை, அது உங்கள் வயதுப் பையனின் கதை. அவன் கண்ணால்தான் காட்டைப் பார்க்கிறோம், அவன் வயிற்றுப் பசிதான் நம் பசி. அப்பாவும் மகனும் சேர்ந்து ஆக்கித் தின்கிறார்கள், பழங்கதை பேசுகிறார்கள், யாருக்கும் தெரியாமல் சொந்தக்காரர்களைப் போய்ப் பார்க்கிறார்கள். கொலைதான் கதையின் தொடக்கம் என்றாலும், படித்து முடிக்கையில் மனதில் நிற்பது, ஓர் அப்பா தன் மகனைத் தன்னைப்போல ஓர் ஆளாக எண்ணிப் பேசத் தொடங்குகிற அந்த நாட்கள்தான். வீட்டில் அப்பாவோடு நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியாத பதினைந்து வயதுப் பையன் எவனும் அதை ஒரே மூச்சில் படித்துவிடுவான்.

நூலகப் புத்தகத்தில் தேதிச்சீட்டு ஒட்டியிருப்போம் அல்லவா? எங்கள் நூலகத்தில் இருந்த ‘வெக்கை’ப் பிரதியின் சீட்டு பல ஆண்டுகளாக ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தது. படம் வந்ததும் முத்திரைகள் விழத் தொடங்கின. ஒன்றன்கீழ் ஒன்றாக, மை காயும் முன்னே அடுத்தது. சீட்டு நிரம்பி, அதன்மேல் இன்னொரு சீட்டு ஒட்டினேன். எடுத்தவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். அந்த நாவல் அவர்களுக்காக முப்பத்தேழு ஆண்டுகள் அதே அலமாரியில் காத்திருந்தது. எடுத்துக் கொடுக்க ஒரு சினிமா வர வேண்டியிருந்தது என்பதுதான் என் மனக்குறை.

இரண்டாவது, இந்த வட்டாரத்துக்கென்றே எழுதியதுபோல எனக்குத் தோன்றுகிற நாவல். பெருமாள்முருகன் தம் இருபத்தைந்தாவது வயதில், 1991இல் வெளியிட்ட முதல் நாவல் ‘ஏறுவெயில்’. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புக்காக ஒரு குடும்பத்தின் நிலம் போய்விடுகிறது. காட்டையும் வளவையும் விட்டு வெளியேறுகிற அந்தக் குடும்பம் கையில் வந்த பணத்தாலேயே எப்படிக் கலைந்துபோகிறது என்பதை, வளர்ந்துவருகிற ஒரு பையன் பார்த்துச் சொல்கிறான். கதை நடப்பது கொங்கு நாட்டில். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையையும் பிறகு வந்த தேர்வாய்கண்டிகை சிப்காட்டையும் அறிந்தவர்களுக்கு இது அயலூர்க் கதை இல்லை. தேர்வாய் மக்கள் தங்கள் மேய்ச்சல் நிலத்துக்காகப் போராடியது இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நிலம் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளும் கம்பெனியை நம்பி வெளியூரிலிருந்து வந்தவர் வீட்டுப் பிள்ளைகளும் இன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். தம் தாத்தாவுக்கு என்ன நடந்தது என்பதை ஒரு பிள்ளை வீட்டில் கேட்டால் பதில் வராது. கண்ணீர் வரும், அல்லது சண்டை வரும். நாவலில் அந்தப் பதில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு வந்த ஒரு பையன் என்னிடம், “எங்க ஆயா ஏன் எப்பப் பாத்தாலும் அந்த கம்பெனி காம்பவுண்டு சுவர் ஓரமாவே போய் நிக்கிதுன்னு இப்பதான் மேடம் தெரியுது” என்றான். அவனுக்கு அந்த நாவலைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை.

பெருமாள்முருகனின் இன்னொரு நாவலையும் சொல்லிவிடுகிறேன். ‘நிழல்முற்றம்’. சினிமாக் கொட்டகையில் சோடா விற்கிற பையன்களைப் பற்றியது. படிப்பை விட்டுவிட்டு ஓட்டலிலும் பட்டறையிலும் வேலை செய்கிற பையன் உங்களுக்குத் தெரிந்தவனாக இருந்தால் அவனுக்குக் கொடுங்கள். அதில் கெட்ட வார்த்தை வருகிறது, பீடி வருகிறது. அவனுக்கு அவை புதியவை இல்லை. தன்னைப்போன்ற ஒருவன் ஒரு புத்தகத்தில் இருக்கிறான் என்பதுதான் புதிது.

சரி, வயதுக்கு மீறிய விஷயங்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு நான் பேசினால் அது நேர்மையாகாது. ஆகவே அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலை எடுத்துக்கொள்கிறேன். 1977இல் வந்தது. செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன் சந்திரசேகரன். கிரிக்கெட் ஆடுகிறான், வீட்டு மாட்டைத் தேடி அலைகிறான், கல்லூரிக்குப் போகிறான். சுற்றிலும் நிஜாம் அரசு, ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே நுழைவது என்று வரலாறு நடந்துகொண்டிருக்கிறது. கடைசியில் கலவரத்துக்கு நடுவே அவன் ஒரு வீட்டுக்குள் போய் விழுகிறான். அங்கே பதுங்கியிருக்கிற முஸ்லிம் குடும்பம் அவனைக் கண்டு நடுங்குகிறது. ஏறக்குறைய அவன் வயதே உள்ள ஒரு பெண், தன் வீட்டாரைக் காப்பாற்ற, தன்னையே அவன் முன் ஒப்புக்கொடுக்க வருகிறாள். அவன் அங்கிருந்து ஓடுகிறான்.

இதைப் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? நான் கொடுத்திருக்கிறேன். கொடுக்க வேண்டும் என்றே சொல்வேன். அந்தக் காட்சியில் ஆசை காட்டுகிற ஒரு சொல்லும் கிடையாது. பயம் ஒரு மனிதரை எந்த நிலைக்குக் கொண்டுபோகும், அதைப் பார்க்கிறவன் மனதில் எவ்வளவு வெட்கம் எழும் என்பதுதான் இருக்கிறது. கையில் இருக்கும் போனில் இதைவிடக் கேவலமானவை ஒரு நாளைக்கு நூறு வந்து விழுகின்றன. அவற்றைப் பற்றிப் பேச அவர்களுக்கு ஆள் இல்லை. நாவலைக் கொடுத்தவர் ஒருவர் இருந்தால் பேச ஆள் கிடைத்துவிடுகிறது. ஒரே நிபந்தனை, கொடுக்கிறவர் முதலில் படித்திருக்க வேண்டும். தான் படிக்காத நாவலைப் பிள்ளைக்குப் பரிந்துரைப்பது, ருசி பார்க்காமல் பந்தியில் பரிமாறுகிற மாதிரி.

இந்தக் கதைகளில் பொதுவாக ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சின்ன வயதுக்காரர் ஒருவர், பக்கத்தில் பெரியவர் யாரும் சொல்லிக்கொடுக்க இல்லாத நேரத்தில், தானாக ஒன்றைச் செய்யவோ பார்க்கவோ தாங்கவோ வேண்டியிருக்கிறது. பதின்வயது நாவலுக்கு நான் வைத்திருக்கிற ஒரே உரைகல் இதுதான். கதாநாயகன் வயது, பக்க எண்ணிக்கை, நீதி எல்லாம் பிறகு. அமெரிக்காவில் எஸ்.இ. ஹின்டன் என்கிற பெண் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவல் 1967இல் வந்தபோது, தன்னோடு படிக்கிறவர்களைப் பற்றிய கதை எங்கும் இல்லை என்பதால்தான் எழுதினேன் என்றார். அங்கே அதன்பிறகு பதின்வயதினருக்கென்றே அலமாரிகள் பெருகின. நமக்கு அந்த அலமாரிக்குள் வைக்கப் புத்தகம் இருக்கிறது, அலமாரிதான் இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு என்ன என்று கேட்டால், எனக்கு முதலில் நினைவு வருவது தமிழ் நாவல் அன்று. கிர்கீஸிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’. மாஸ்கோவிலிருந்து மலிவு விலைக்கு வந்த தமிழ் மொழிபெயர்ப்புகளில் எனக்கு மிகப் பிடித்தது. நூறு பக்கம் அளவே வரும் குறுநாவல். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவே படிப்புள்ள தூய்ஷேன் என்கிற இளைஞன், மலையடி கிராமத்தில் ஒரு பழைய குதிரைலாயத்தைச் சுத்தம் செய்து பள்ளிக்கூடம் ஆக்குகிறான். அல்தினாய் தாய் தகப்பன் இல்லாத பெண். சித்தி அவளை ஒருவனுக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்துவிடுகிறாள். அடி வாங்கிக் கை ஒடிந்தும் தூய்ஷேன் அவளை மீட்டு, நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறான். அவள் பெரிய அறிஞராகித் திரும்பி வருகிறாள், அந்த ஊரின் புதிய பள்ளிக்கூடத் திறப்பு விழாவுக்கு. வாழ்த்துத் தந்திகள் வருகின்றன. அவற்றைக் கொண்டுவருகிற கிழட்டுத் தபால்காரர்தான் தூய்ஷேன்.

பிளஸ் டூ முடித்த கையோடு விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறுகிற பெண்களும், அதற்கும் முன்பே கல்யாணப் பேச்சில் மாட்டிக்கொள்கிற பெண்களும் இந்த ஊர்களில் உண்டு. இதைப் படித்த பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி, நூலகம் மூடுகிற நேரத்தில் வந்து நின்றாள். “மேடம், அந்த சார் ஏன் கடைசில ஃபங்ஷனுக்கு உள்ள வரல?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து இருவரும் பேசினோம். அரை மணிக்கு மேல் இருக்கும். கடைசியில் அவள் தன் வீட்டில் நடக்கிற கல்யாணப் பேச்சைச் சொன்னாள். புத்தகம் இல்லாமல் போயிருந்தால் என்னிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டாள் என்பது எனக்கு நிச்சயம். மறுநாள் அவளுடைய வகுப்பாசிரியரிடம் பேசினேன். மேலே சொல்வது அவளுடைய சொந்த விஷயம், இத்துடன் நிறுத்துகிறேன்.

சற்றுச் சிறிய பிள்ளைகளுக்கு, பன்னிரண்டு பதின்மூன்று வயதில், கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ இருக்கிறது. பறவைகள் பின்னே அலைகிற வெங்கடேசுவின் கதை. பாலியல் சீண்டல் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று தயங்குகிற தாய்மார், யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நாவலைத் தேடிப் பிடியுங்கள். 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைப் பின்னணியாக வைத்து இளையோருக்கென்றே எழுதப்பட்டது. அதற்கும் அந்த விருது 2023இல் கிடைத்தது. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு நான் போர் நாவல்களை முதலில் கொடுப்பதில்லை. அ. முத்துலிங்கத்தின் ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’ கொடுப்பேன். தம் பெற்றோர் பேசுகிற ஊரின் சிரிப்பும் அவர்களுக்கு வேண்டும்.

‘பொன்னியின் செல்வன்’ பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய தொடர், இரண்டு படங்கள் வந்தபின் மீண்டும் பிள்ளைகள் கையில். படிக்கட்டும். ஐந்து பாகத்தையும் முடிக்கிற பிள்ளைக்குத் தடித்த புத்தகம் என்கிற பயம் போய்விடும். ஆனால் அதோடு நின்றுவிட்டால், நாவல் என்றால் அரண்மனையும் குதிரையும் என்று ஆகிவிடும். வந்தியத்தேவனுக்கு அடுத்து சிதம்பரத்தைக் கொடுங்கள்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. நல்ல முயற்சி. வீட்டில் தெலுங்கோ ஒடியாவோ இந்தியோ பேசுகிற பிள்ளைகள்கூட அவற்றை வைத்துத் தமிழ் படிக்கப் பழகுகிறார்கள். ‘பற’ வரை வந்துவிட்ட பிள்ளை அடுத்து எங்கே போய் உட்காரும் என்பதுதான் என் கேள்வி. அந்தக் கிளையை நாம் காட்ட வேண்டும்.

எப்படிக் கொடுப்பது என்பதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான். முதல் இரண்டு பக்கத்தை நீங்களே உரக்கப் படியுங்கள். விறுவிறுப்பான இடத்தில் நிறுத்துங்கள். புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். படித்து முடித்ததும் “என்ன கத்துக்கிட்ட?” என்று மட்டும் கேட்காதீர்கள். விரிவானத்தில் வந்த கதையையெல்லாம் நெடுவினாவாக்கி அவர்களைக் களைப்பாக்கியது போதும். பாதியில் வைத்துவிட்டால் விட்டுவிடுங்கள், வேறொன்றைக் கொடுங்கள்.

சுதந்திர இந்தியாவில் முதலாவதாக 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது நம் மாநிலத்தில்தான். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. அது உங்கள் பணம். இந்த நாவல்கள் உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் கேளுங்கள், எழுதிக் கொடுங்கள், மறுபடி கேளுங்கள். பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் வாங்கி வைக்காத நூலகரை நான் பார்த்ததில்லை. நாவல் வரிசையில் ஒரே ஒரு தட்டைக் காலி செய்து, அதில் ‘பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை’ என்று ஒட்டச் சொல்லுங்கள். செலவு ஒரு காகிதம்.

இந்தச் சொற்பொழிவுக்கு அறக்கட்டளையார் கொடுத்த மதிப்பூதியத்தில் ‘வெக்கை’, ‘ஏறுவெயில்’, ‘முதல் ஆசிரியர்’, ‘கூளமாதாரி’ ஆகியவற்றை வாங்கி, வாசல் பக்கம் மேசையில் அடுக்கி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் அட்டை வேண்டாம், தேதிச்சீட்டு இல்லை. படித்தபின் உங்கள் வயதுக்காரர் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.